ஊசி போட்ட மாட்டின் பால்

கீழ் கோத்தகிரி பால் சொசைட்டியில் போய்த் தெய்வம்மாவின் கேனைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். அங்கே பால் அளக்கிற பழனியாண்டி, வருகிற பாலில் எல்லாம் மீட்டரை விட்டுப் பார்க்கிற ஆள். சொந்த மச்சான் கொண்டுவந்த பாலையே தண்ணீர் என்று திருப்பி அனுப்பியவர். அவரே சொல்வார்: "தெய்வம்மா பாலுக்கு மீட்டர் வெக்கிறது சாமிகிட்ட ஆதார் கார்டு கேக்குற மாதிரிங்க."

சும்மா வந்த பெயர் அல்ல அது. தெய்வம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி கண்டியில், பாதி மண்டபம் கேம்பில். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசையில் லயத்து வீடு ஒன்று கிடைத்தது. பதினைந்து வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள், இருபத்திரண்டு வருஷம் கழித்துத்தான் கழற்றினாள். கழற்றிய அன்று அவளிடம் இருந்தது ஒரே ஒரு கிழட்டுப் பசு. ஊரே சிரித்தது. அந்தப் பசுவில் தொடங்கி ஒன்பது மாடு சேர்த்தாள். கொட்டகைக்குக் கல் சுமந்தவளும் அவள்தான், சாந்து குழைத்தவளும் அவள்தான். புருஷன் காத்தமுத்து கூரை மட்டும் போட்டான். அதையும் அவள் கீழே நின்று மூன்று தடவை பிரித்துப் போடச் சொன்னாள். மாடு மூச்சு விடுவதைக் கேட்டே காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பட்டம் வாங்கியவர்கள் தெர்மாமீட்டரைத் தேடி எடுப்பதற்குள் இவள் கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பாள்.

அப்பேர்ப்பட்டவளின் கொட்டகையில் ஒரே வருஷத்தில் மூன்று கன்றுகள் செத்தன.

மூன்றும் ஒரே மாதிரி. பிறந்த மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழியும். நான்காம் நாள் கண் உள்ளே போகும். ஐந்தாம் நாள் காது சில்லிட்டுவிடும். முதல் கன்றுக்கு லிங்கசாமி வந்து ஊசி போட்டான். லிங்கசாமி டாக்டர் இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடப் பழகிக்கொண்டு, அப்படியே மற்ற ஊசிகளையும் பையில் வைத்துக்கொண்டு மலை மலையாகப் பைக்கில் சுற்றுகிறவன். கூப்பிட்ட அரை மணியில் வந்து நிற்பான் என்பது அவனுடைய பெருமை. முதல் கன்றுக்கு ஒரு மருந்து கேட்கவில்லை. இரண்டாவதற்கு அதைவிடப் பெரிய மருந்து. அதுவும் கேட்கவில்லை.

"ஏனுங்க அக்கா, இதுக்கு மேல ஒண்ணு இருக்குதுங்க. யானைக்கே கேக்கும்" என்றான்.

"யானைக்குக் கேக்கும் சரி. கன்னுக்குக் கேக்குமா?"

அதையும் அதே கன்றுக்குப் போட்டான். கன்றுக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது கன்றுக்கு அவள் ஊசியே போடவிடவில்லை. கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் பிரீத்தியைக் கூட்டிவந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், சின்ன வயது. கன்றின் கழிச்சலை ஒரு சின்னக் குப்பியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வருவதற்கு முன்பே கன்று போய்விட்டது.

இந்த நிலையில்தான் செவலை கன்று போட்டது. செவலை என்பது தெய்வம்மாவின் முதல் பசுவினுடைய பேத்தி. பன்னிரண்டு வயது. இனிமேல் சினை பிடிக்காது என்று எல்லோரும் சொல்லியாயிற்று. கொட்டகையில் மற்ற மாடுகள் எல்லாம் நடுவில் வாங்கியவை. வாங்காமல் வந்த வழி இது ஒன்றுதான். பிறந்தது கிடாரி. நெற்றியில் வெள்ளை. பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று காத்தமுத்துவின் வேட்டியைச் சப்பியது. தெய்வம்மா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. சந்தோஷப்படவே பயம்.

மூன்றாம் நாள் காலையில் வைக்கோலில் வெள்ளை.

தெய்வம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள். "டாக்டரம்மா, ஆரம்பிச்சிருச்சு. இது போச்சுன்னா எனக்கு இனிமே வேற இல்ல. எந்த மருந்தா இருந்தாலும் கொண்டாங்க."

பிரீத்தி வரும்போது பனிமூட்டம் இறங்கி, கொட்டகை வாசல் கூடத் தெரியாமல் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கையுறை மாட்டி, கன்றின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாள். தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"போன கன்னோட ரிப்போர்ட் நேத்துதானுங்கம்மா வந்துச்சு. பத்து மருந்து வெச்சுப் பார்த்திருக்காங்க. ஒன்பதுக்கும் அந்தக் கிருமி சாகலைங்க."

"ஒன்பதுக்குமா?"

"பாருங்க, ஒவ்வொரு மருந்துப் பேருக்கும் பக்கத்துல R போட்டிருக்கு. கடைசியா ஒண்ணுக்கு மட்டும் S. R-ன்னா அந்த மருந்து வேலை செய்யாது."

தெய்வம்மா காகிதத்தை வாங்கவில்லை. "தப்பா பாத்திருப்பாங்க. அந்தக் கன்னுக்கு நான் ஒரு ஊசிகூடப் போடவிடல. மருந்தே தெரியாத கிருமிக்கு மருந்து எப்படிம்மா பழகும்? அதுல பாதி மருந்தை இந்தக் கொட்டாயில நாங்க கண்ணுலகூடப் பாத்ததில்ல."

நல்ல கேள்விதான். பிரீத்தியும் அதை நல்ல கேள்வி என்றே எடுத்துக்கொண்டாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள். கிருமி ஒவ்வொன்றுக்கும் தன் சொந்தப் புத்தி உண்டு. அது போக, சில கிருமிகளுக்கு உள்ளே தனியாக ஒரு சின்ன வளையம் இருக்கும். எந்த மருந்தை எப்படி முறிப்பது என்ற விவரம் அந்த வளையத்தில் எழுதியிருக்கும். ஒரு கிருமி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தின் நகலை அதற்குக் கொடுத்துவிடும். அம்மா பிள்ளைக்குக் கொடுப்பது போல இல்லை. பக்கத்தில் இருக்கிற யாருக்கும் கொடுக்கும், வேறு சாதிக் கிருமிக்கும் கொடுக்கும். எழுத்தில் சில துண்டுகள் ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். அப்படித் தாவித் தாவி ஒரே வளையத்தில் ஐந்து மருந்துக்கு, ஆறு மருந்துக்கு என்று சேர்ந்துகொள்ளும். ஒரு மருந்தைக் கொடுத்தால் போதும், அந்த வளையம் உள்ள கிருமிதான் தப்பிக்கும். மற்ற ஐந்தையும் முறிக்கிற வித்தையும் கூடவே தப்பிக்கும்.

தெய்வம்மாவுக்கு விளங்கியது. புத்தகம் படித்து விளங்குகிறவர்களுக்கு எத்தனை நாள் ஆகுமோ, அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கியது, ஏனென்றால் லயத்தில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். கொழுந்துச் சாக்கின் அடியில் ஈரக் கொழுந்தை எப்படி வைத்தால் எடை கூடும், கங்காணி கண்ணுக்கும் தெரியாது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். ஒரு வாரத்தில் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் யாரும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. கூடவே கங்காணியை எப்படி மடக்குவது, லீவை எப்படி வாங்குவது என்று மற்ற வித்தைகளும் அந்தக் குழாயடியிலேயே சேர்ந்துகொண்டன.

"சரி, விளங்குது. ஆனா முதல் கிருமிக்கு இங்க யாரு மருந்தைக் காட்டுனது?" என்றாள். "லிங்கசாமி போட்டதெல்லாம் நாலே நாலு ஊசி."

பிரீத்தி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். "மாட்டுக்கு மடிநோய் வருமில்லைங்க? அதுக்கு ஊசி போடுவீங்களா?"

"வரும். நம்மகிட்ட ஒன்பது மாடு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுக்கு வரும். மடியில மருந்து ஏத்துவோம். முழுசா ஏத்துவோம், பாதியில நிறுத்தற ஆளு நான் இல்ல."

"அந்த நாள்ல கறக்கற பாலை?"

தெய்வம்மா நிமிர்ந்தாள். இது அவளுடைய இடம். இந்தக் கேள்விக்காகவே இருபது வருஷமாகக் காத்திருந்தவள் போலச் சொன்னாள்: "ஒரு சொட்டு சொசைட்டிக்குப் போனதில்ல டாக்டரம்மா. ஊருல எல்லாரும் ஊத்துவாங்க, எனக்குத் தெரியும். நான் ஊத்துனதில்ல. ஊசி போட்ட மாட்டுக்குக் கொம்புல சிவப்புத் துணி கட்டிருவேன். துணி அவுக்கற வரைக்கும் அந்தப் பாலு தனிச் சட்டி. பழனியாண்டியைக் கேட்டுப் பாருங்க."

"தனிச் சட்டியில கறந்து என்னங்கம்மா பண்ணுவீங்க?"

"கன்னுங்களுக்கு ஊத்திருவேன். பாலைக் கீழ கொட்ட முடியுமா?"

செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது. காத்தமுத்து சட்டென்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். டாக்டர் சொல்லும் முன்பே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவளுக்கும்தான்.

"எத்தனை வருசமாங்க?" என்று பிரீத்தி மெதுவாகக் கேட்டாள்.

"மாடு வாங்கினதிலிருந்து."

"அதுல மருந்து கொஞ்சமா இருக்குமுங்க. கிருமியைக் கொல்லப் பத்தாது. பழக்கறதுக்குப் போதும். ஒவ்வொரு கன்னு வயித்துலயும் அந்த வளையம் உள்ள கிருமியை நம்மளே பொறுக்கி எடுத்து வளர்த்த மாதிரி ஆயிருதுங்க. அப்புறம் சாணம், தொட்டி, கை. புதுசாப் பொறந்த கன்னு ஊசியே பாக்காம இருந்தாலும் பொறந்த அன்னைக்கே அதை வாங்கிக்கும்."

ஊரை ஏமாற்றியவர்கள் வீட்டுக் கன்றுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவர்கள் மருந்துப் பாலைச் சொசைட்டியில் ஊற்றினார்கள்; அது ஆயிரம் லிட்டரோடு கலந்து மலை இறங்கிப் போனது. தெய்வம்மா யோக்கியமாக இருந்தாள். யோக்கியமாக இருந்து, தன் கன்றுகளுக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். குடிக்காத கன்றின் வாயில் விரலை விட்டுச் சப்பப் பழக்கிக்கூட ஊட்டினாள்.

"வேற யாராவது சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபம் யார் மேல் என்று தெரியாமல் வந்தது. "இருபது வருசத்துல எத்தனை டாக்டருங்க வந்தாங்க. துணி கட்டறதைப் பாத்துட்டு பலே பலேன்னுட்டுப் போனாங்களே."

இந்தக் கன்றுக்குப் போட மருந்து இல்லை என்று பிரீத்தி சொன்னாள். S போட்டிருந்த மருந்து மாட்டுக்குப் போடக்கூடாதது. பெரிய ஆஸ்பத்திரியில் வேறு எதுவும் கேட்காத மனிதர்களுக்காக வைத்திருப்பது. கன்றுக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: உடம்பிலிருந்து போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பது. பொட்டலங்கள் கொடுத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை, வெதுவெதுப்பாக. நடுவில் தாய்ப்பால். சூடு குறையாமல் சாக்கு. அது தானாகத் தாண்டினால் உண்டு.

தெய்வம்மா தாண்ட வைக்கிறேன் என்று இறங்கினாள். அடுப்பில் தண்ணீர் ஓயவில்லை. பாட்டிலில் வெந்நீர் பிடித்துக் கன்றின் வயிற்றோடு வைத்தாள். கன்றைத் தொட்ட கையை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்; விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. இரண்டாம் நாள் கன்று தலையைத் தூக்கியது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து நின்றது. கால் நடுங்கியது, ஆனால் நின்றது. செவலையின் மடியைத் தேடி இரண்டு இழுப்பு இழுத்தது.

"பாத்தியா, உன்னை மாதிரியே பிடிவாதம்" என்றான் காத்தமுத்து.

"கண்ணு வெக்காதீங்க. போய் விறகு எடுத்தாங்க."

அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி படுத்துவிட்டது. இந்தத் தடவை கழிச்சலில் ரத்தம் இருந்தது.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் காத்தமுத்து லிங்கசாமியை அழைத்துக்கொண்டு வந்தான். தெய்வம்மா விரட்டவில்லை. விரட்டுவாள் என்று நினைத்து வாசலிலேயே நின்ற லிங்கசாமியை, "உள்ள வா" என்றாள். குரலில் ஒன்றும் மிச்சமில்லை. "பையைக் குடு."

பையைக் கவிழ்த்தாள். ஐந்து மருந்துக் குப்பிகள். பிரீத்தி விட்டுப்போயிருந்த ரிப்போர்ட்டை எடுத்துத் தவிட்டு மூட்டையின் மேல் விரித்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவள். ஆனால் எழுத்தின் உருவம் தெரியாமல் போகுமா? குப்பியில் பெரிதாகப் போட்ட கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே பொடியாக இருக்கிற மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும் என்று பிரீத்தி சொன்னது நினைவில் இருந்தது. குப்பியைக் காகிதத்தின் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு, வரிசை வரிசையாக இறங்கினாள். கோலப்புள்ளி எண்ணுகிற மாதிரி. முதல் குப்பி நான்காவது வரியில் கிடைத்தது. பக்கத்தில் R. இரண்டாவது குப்பி. R. மூன்றாவதற்கு நெடுநேரம் ஆயிற்று. அதுவும் R.

"அக்கா, பேப்பர்ல போடறது ஒண்ணு, உடம்புல கேக்கறது ஒண்ணுங்க" என்றான் லிங்கசாமி.

"உன் மருந்து ரெண்டு கன்னுக்கு என்ன கேட்டுச்சுன்னு பாத்தேன்ல. இரு."

நான்காவது R. ஐந்தாவதும் R. அவள் மறுபடி முதல் குப்பியிலிருந்து ஆரம்பித்தாள். கண் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு ஆசை. கண் பொய் சொல்லவில்லை.

கடைசி வரியைக் காட்டினாள். "இது வெச்சிருக்கியா?"

லிங்கசாமி குனிந்து படித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இது மனுசங்களுக்குங்க. ஐசியூல போடறது. ஆனா எனக்கு ஆளு இருக்கு. சொன்னீங்கன்னா மத்தியான பஸ்ஸுல வந்துரும்."

"கொண்டாரச் சொல்லு தெய்வம்" என்றான் காத்தமுத்து. "ஒரு கன்னு. ஒரே ஒரு தடவை. யாருக்குத் தெரியப் போவுது?"

கன்று சாக்கின் மேல் கிடந்தது. மூக்கு வறண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்து, அவளுடைய வெடித்த விரலை நாக்கால் தேடியது. வாயில் விரல் விட்டுச் சப்பப் பழக்கியவள் அவள்தானே. தெய்வம்மா விரலைக் கொடுத்தாள். நாக்கு சில்லென்று இருந்தது.

"இதுக்குப் போட்டா, அந்தக் கிருமி இதையும் கத்துக்கும்" என்றாள் கடைசியில். "கத்துக்கிட்டு இந்தச் சாணியில இருக்கும். என் கையில இருக்கும். நாளைக்கு உங்களுக்கே ஒண்ணு ஆகி கோயம்புத்தூர்ல படுத்திருந்தா, டாக்டரு இதைத்தானே எடுப்பாரு. அப்ப இது கேக்குமா?"

"அதெல்லாம் நடக்கறப்ப பாக்கலாம். இப்ப இது சாவுது."

"சாவுதுன்னு எனக்குத் தெரியாதா? நாலு நாளா யாரு மடியில கிடக்குது?"

காத்தமுத்து வெளியே போய் நின்றான். லிங்கசாமி குப்பிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். போகும்போது, "மனசு மாறுச்சுன்னா கூப்பிடுங்க" என்றான். மத்தியான பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் ஏறியபோது தெய்வம்மாவின் கையில் போன் இருந்தது. லிங்கசாமி நம்பரை எடுத்து வைத்திருந்தாள். அழுத்தவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. பிழைத்திருக்கலாம்.

அடுத்த நாள் பதினோரு மணிக்குக் கன்று செத்தது. கொட்டகைக்கு மேலே ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். செவலை கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது. தெய்வம்மா கண்ணீர் விடவில்லை. விட்டால் நிறுத்த முடியாது என்று தெரிந்தவள்.

கையில் சுண்ணாம்பு காயும் முன்பே பொன்ராஜின் பிக்கப் வந்து நின்றது. எமரால்டு ஊர்ப் பக்கத்துக் கேரட் தோட்டங்களுக்கு உரம் ஏற்றுகிறவன். தெய்வம்மா வீட்டுச் சாணம் என்றால் தோட்டக்காரர்கள் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். மண்வெட்டியோடு குவியலில் ஏறப் போனவனை அவள் நிறுத்தினாள்.

"எடுக்காத."

"ஏன் அக்கா, வேற ஆளுக்குப் பேசிட்டீங்களா? எங்கிட்ட சொல்லியிருந்தா டீசலாவது மிஞ்சியிருக்கும்."

"யாருக்கும் பேசல. இதுல நோய் இருக்கு."

பொன்ராஜ் சிரித்தான். "சாணியில என்ன நோய்? உங்க வூட்டுச் சாணிய வாயிலயே போடலாம்னு நானே சொல்லி வித்துட்டு இருக்கேன்."

எதிரே தண்ணீர்க் குழாயில் நான்கு பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் கீழ் கோத்தகிரி முழுக்கத் தெரியும். பழனியாண்டி கேனுக்கு மீட்டர் வைப்பார், மீட்டர் காட்டாத எதையோ தேடி முகர்ந்தும் பார்ப்பார். தெய்வம்மாவுக்கு அது தெரியும். ஒரு தடவை அந்தப் பெண்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்கொட்டாயில எந்த மருந்துக்கும் சாகாத கிருமி வந்திருக்கு. நான்தான் வளத்திருக்கேன், ஊசி போட்ட மாட்டுப் பாலைக் கன்னுக்கு ஊத்தி. இதை அள்ளி இன்னொருத்தன் காட்டுல போட்டா அங்கயும் பரவும். மூணு மாசம் மூடிப்போட்டு சூடேறிப் புழுங்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நீ வண்டியை எடு."

பொன்ராஜ் மண்வெட்டியை வண்டியில் போட்டான். ஏறி வண்டியைத் திருப்பினான். குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

தெய்வம்மா தார்ப்பாயை இழுத்துவந்து குவியலின் மேல் வீசினாள். காற்று அதைத் திருப்பி அவள் முகத்திலேயே அடித்தது. மறுபடி வீசினாள். மூன்றாவது தடவை, அந்தப் பக்க நுனியைக் காத்தமுத்து வந்து பிடித்தான்.